பேனாக்கத்தியும் ஆவாரங்குச்சியும்

திண்டுக்கல் சமவெளிச் சிற்றூர் ஒன்றின் திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது, சப்பர வேலையில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். வேப்பங்கட்டையில் சிறிய பாடுபட்ட சுரூபங்கள் செதுக்குவது அவருக்குக் கைவந்த கலை. சட்டைப்பையிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்து நம்முன் வைத்தார். ஒன்று பளபளப்பான வெளிநாட்டு மடக்குக் கத்தி. கறையோ துருவோ அண்டாதது. மற்றொன்று அவருடைய தாத்தா உள்ளூர்ப் பட்டறையில் அடித்து வாங்கியது. கருத்து, தேய்ந்து, பாதி அளவாகச் சுருங்கியிருந்தது.

"ஐயா, விலை உயர்ந்தது இதுதான். ஆனால் சுரூபத்தின் கண்ணிமையைச் செதுக்க வேண்டுமென்றால் கை தானாகவே தாத்தாவின் கத்தியைத் தேடுகிறது. அது இன்னும் ஓராண்டு தாங்காது. புதிதாக ஒன்று செய்ய வேண்டும். எந்த எஃகை எடுப்பது?" என்றார்.

நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. எளிய கேள்வி போலத் தோன்றிய அது, நம்மை ஒரு பக்கம் கொல்லுப்பட்டறைக்கும், மறுபக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இலண்டன் மாநகருக்கும் இட்டுச் சென்றது. அந்தப் பயணத்தில் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலண்டனில் ஒரு பேனாக்கத்தி

1794ஆம் ஆண்டு, பம்பாயில் பணியாற்றிய எலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர், இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்சுக்குச் சில எஃகுக் கட்டிகளை அனுப்பிவைத்தார். அவற்றின் பெயர் 'வூட்ஸ்' என்று எழுதினார். கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்ற சொல்லே ஆங்கிலேயர் செவியில் அவ்வாறு திரிந்தது என்பர் பலர்; நம்முடைய 'உருக்கு' என்பதும் அதற்கு உறவுடைய சொல்லே. அடுத்த ஆண்டு, 1795இல், ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் அந்தக் கட்டிகளை ஆராய்ந்து அச்சபையில் கட்டுரை படித்தார். பம்பாயில் செய்யப்படும் எஃகு என்றே அவர் தலைப்பிட்டார். கப்பலேறிய துறைமுகத்தின் பெயர் தெரிந்ததேயன்றி, தென்னாட்டின் உட்பகுதியில் உலையருகே வெந்த மனிதரின் ஊர்ப்பெயர் அங்கு எட்டவில்லை.

பியர்சனின் வேண்டுகோளுக்கிணங்க, கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் அந்த எஃகில் ஒரு துண்டை எடுத்து ஒரு பேனாக்கத்தி செய்தார். இறகுப் பேனாவைச் சீவ உதவும் சிறு கத்திதான் அது. ஐரோப்பாவின் சிறந்த எஃகுக் கத்திக்குச் சற்றும் குறையாத கூர்மை அதற்கு வாய்த்தது. பின்னாளில் ஸ்டோடர்ட், பல ஆண்டுச் சோதனைக்குப்பின் ஐரோப்பிய எஃகைவிட இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மற்றவர்கள் அந்த எஃகை வழக்கம்போல் நன்றாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தார்கள், அது நொறுங்கிப்போயிற்று. ஸ்டோடர்ட் இருட்டறையில் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும் மெல்லிய செந்நிறம் வரையில் காய்ச்சி, பொறுமையாக அடித்தார். குறைந்த நெருப்பும் மிகுந்த பொறுமையும் சேர்ந்தே அந்தக் கத்தியை உருவாக்கின.

உலையில் வெந்த ஆவாரை

அந்த எஃகு எவ்வாறு செய்யப்பட்டது? சேலம் பகுதியில் அதனை நேரில் கண்டு எழுதியவர்களுள் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் குறிப்பிடத்தக்கவர். கஞ்சமலை போன்ற குன்றுகளில் கிடைக்கும் காந்த இரும்புக் கல்லை நொறுக்கி, நீரில் அரித்து, சிறிய மண் உலையில் கரியோடு சேர்த்து உருக்கித் தேனிரும்பு எடுப்பார்கள். அதனைத் துண்டாக்கிக் கைக்கு அடக்கமான மண்குகையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலை போன்ற பச்சிலை வைத்து, களிமண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட குகைகளை உலையில் வளைவாக அடுக்கிக் கரி நிரப்பித் துருத்தி ஊதுவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் இரும்பு உருகிவிடும். ஆறியபின் குகையை உடைத்தால் உள்ளே உருண்டையாக ஓர் எஃகுக் கட்டி இருக்கும். ஒரு கட்டியின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது.

ஆவாரை எதற்கு? மூடிய குகைக்குள் அது கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் கரைகிறது. தூய இரும்பு மென்மையானது. வளையும், கூர் தாங்காது. நூற்றில் ஒரு பங்கு அளவில் கரிமம் சேர்ந்தால் அதுவே எஃகாகிறது. நம் பண்டைய எஃகுக் கட்டிகளில் கரிமத்தின் அளவு ஏறத்தாழ 1.3 முதல் 1.6 விழுக்காடு வரை இருந்ததாக இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

திண்டுக்கல்லிலிருந்து எந்தச் சாலையில் சென்றாலும் வறண்ட ஓரங்களில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குவது இந்த ஆவாரைதான். யாரும் நட்டதில்லை, யாரும் நீர் ஊற்றியதில்லை. பொங்கல் காப்புக்கும் தோல் பதனிடுவதற்கும் பயன்படும் செடி என்றுதான் நாம் அதனை அறிவோம். அதன் குச்சிதான் அரபு நாட்டு வாளுக்கும் இலண்டன் பேனாக்கத்திக்கும் கூர் கொடுத்தது என்று எண்ணும்போது, எளியது என்று நாம் கடந்துபோகும் பொருள்களின்மீது ஒரு மரியாதை பிறக்கிறது.

மண் சொல்லும் சான்று

இத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. நொய்யல் ஆற்றங்கரையில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்ததற்கான அடையாளங்களும் கிடைத்தன. நம் மாவட்டத்திலேயே பழநிக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் அகழாய்வு நடந்தது. அங்குப் பானைக்குள் கிடைத்த நெல், கி.மு. 490ஐ ஒட்டியது எனக் கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புச் சான்றுகள் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் காலக்கணிப்பைப் பற்றி அறிஞர்களிடையே உரையாடல் தொடர்கிறது. இறுதி முடிவு எதுவாயினும், இம்மண்ணில் இரும்பின் தொன்மை மிக நீண்டது என்பதில் ஐயமில்லை.

கொல்லன் மகனின் பிழை

வூட்ஸ் எஃகின் மறைபொருளை அறிய முயன்றவர்களுள் ஒருவர் மைக்கேல் பாரடே. மின்னியலின் தந்தை என உலகம் போற்றும் அவர் ஓர் ஏழைக் கொல்லரின் மகன் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1819இல் அவர் நம் நாட்டு எஃகைப் பகுத்தாய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணமாகலாம் என்று எழுதினார். அது பிழை. பாரிசு நகரின் பிரெயான் 1820களில் பல நூறு சோதனைகள் செய்து, மிகுதியான கரிமமே அடிப்படை என்பதை உணர்த்தினார். ஆயினும் பாரடேயின் பிழை வீண் போகவில்லை. வேறு உலோகங்களைச் சிறிதளவு சேர்த்தால் எஃகின் இயல்பு மாறுமா என்று தேடத் தொடங்கிய அவரும் ஸ்டோடர்ட்டும் 1820லும் 1822லும் வெளியிட்ட ஆய்வுகள், பின்வந்த கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு முன்னோடியாயின. ஒரு பட்டறையின் கைவினை, தன்னை அறியாமலே ஓர் அறிவியலுக்கு வித்திட்டது.

உலை அணைந்த கதை

இத்தகைய எஃகு நம்மை விட்டு ஏன் போயிற்று? அயலான் பறித்துக்கொண்டான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

முன்னர்க் குறிப்பிட்ட ஹீத், கம்பெனியின் பணியை விட்டு விலகி, 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரும் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலத்துக் கல்லைக் கொண்டுவந்து உருக்கினார். காடுகளை எரித்துக் கரியாக்கும் செலவும், தொலைவிலிருந்து கல்லைக் கொண்டுவரும் செலவும் ஆலையை விழுங்கின. அவருடைய செல்வமும் அதில் கரைந்தது. பின்னர் இங்கிலாந்து திரும்பி, மாங்கனீசு சேர்த்து வார்ப்பெஃகின் தரத்தை உயர்த்தும் முறைக்கு 1839இல் உரிமம் பெற்றார். செபீல்டு நகரத்து உற்பத்தியாளர்கள் அந்த முறையைச் சற்றே மாற்றி, உரிமத்தொகை தராமலே பயன்படுத்திக்கொண்டனர். வழக்காடியே ஓய்ந்த ஹீத் 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பும் அவருக்கு எதிராகவே அமைந்தது. நம் நாட்டுக் கொல்லரிடம் பார்த்துக் கற்றவர் அவர்களுக்கு எதுவும் தரவில்லை. அவரிடம் பார்த்துக் கற்றவர்கள் அவருக்கும் எதுவும் தரவில்லை. பரங்கிப்பேட்டை உலையும் 1860களில் அணைந்தது.

இதற்கிடையே 1856இல் பெசமர் கண்ட முறை எஃகைத் தொன் கணக்கில் மலிவாக்கிற்று. கப்பலில் வந்திறங்கிய அந்த மலிவுச் சரக்கின்முன், ஒரு கிலோ கட்டிக்கு நாளெல்லாம் துருத்தி ஊதிய குடும்பங்கள் நிற்க இயலவில்லை. காட்டுக் கரியும் கைக்கு எட்டாததாயிற்று. கலவையின் அளவும் நெருப்பின் பதமும் ஏட்டில் எழுதப்படாமல் தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு மட்டுமே சென்றமையால், ஒரு தலைமுறை கைவிட்டதும் எல்லாம் மறைந்தது. இலங்கையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிமவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, பழைய முறையில் எஃகு செய்யத் தெரிந்த முதியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, செய்துகாட்டச் சொல்லிப் பதிவு செய்தார். அவ்வாறு தேடிச் செல்ல ஒருவர் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை.

திருவிவிலியத்தின் சாமுவேல் முதல் நூல், 13ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. இஸ்ரயேல் நாடெங்கும் கொல்லர் இல்லாதபடி பெலிஸ்தியர் பார்த்துக்கொண்டனர். கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்குக்கூட மக்கள் பகைவரிடமே சென்று கூலி கொடுக்க வேண்டியிருந்தது. அதனைப் போர்ச் செய்தியாக மட்டுமே நாம் வாசித்துக் கடந்துவிடுகிறோம். கொல்லனை இழந்த ஊர் தன் ஏரையும் இழக்கிறது என்பதே அதன் உட்பொருள். பெலிஸ்தியர் வாளால் செய்ததை, நம் காலத்தில் நம்முடைய அலட்சியமே செய்துவிடுகிறது.

பூட்டு ஊரின் பட்டறை

திண்டுக்கல்லுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு பழையது. 1755இல் இங்குப் பொறுப்பேற்ற ஐதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களின் துணையோடு இவ்வூரில் படைக்கலச் சாலை அமைத்தார். இன்று உலகறிந்தது நம் பூட்டு. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல் நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கையால் அரம் தேய்த்துப் பூட்டுச் செய்தவர்கள் பல நூறு குடும்பத்தினர். குறியீடு வந்த காலத்தில் தொழிலில் எஞ்சியிருந்தவர்கள் அவர்களுள் ஒரு பகுதியினரே. பெருமை வந்து சேர்ந்தபோது கைகள் குறைந்திருந்தன.

அந்த இளைஞரோடு நாம் சென்றது நகருக்கு வெளியேயுள்ள ஒரு கொல்லுப்பட்டறைக்கு. அறுபதைத் தாண்டிய ஆசாரியார் இரண்டு கத்திகளையும் விரலால் வருடிப் பார்த்தார். பளபளப்பான கத்தியைச் சாணையில் இலேசாகத் தொட்டார். பிறகு பழையதைத் தொட்டார். பழையதிலிருந்து பூவாகச் சிதறின பொறிகள்.

"பொறி எவ்வளவு கிளைக்கிறதோ அவ்வளவு கரி உள்ளே இருக்கிறது, தம்பி. அது துருப்பிடிக்காத கத்தி. பழம் நறுக்க நல்லது. இது துருப்பிடிக்கும், ஆனால் சொன்னபடி கேட்கும்" என்றார்.

எந்த எஃகு?

அவர் கைப்பழக்கத்தால் சொன்னதை உலோகவியலும் ஏற்கிறது. 1913இல் செபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டறிந்த துருப்பிடிக்காத எஃகு, குரோமியம் ஏறத்தாழ 13 விழுக்காடு கலந்தது. மலிவான வகைகளில் கரிமம் குறைவு. ஆகவே கூர் விரைவில் மழுங்கும். கரிமமும் குரோமியமும் மிகுந்த விலை உயர்ந்த வகைகளிலோ பெருமணிகளாகக் கடினத் துகள்கள் உருவாகின்றன. அவை தேய்மானத்தை எதிர்க்கும். ஆனால் மரச்சிற்பிக்கு வேண்டிய மிக மெல்லிய விளிம்பில் அந்தத் துகள்கள் உதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பற்கள் விழுகின்றன. தீட்டுவதும் கடினம்.

அதற்காக, பழைய சேலத்து வூட்ஸ் கிடைத்தால் அதுவே எல்லாவற்றினும் மேல் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஒன்றரை விழுக்காடு கரிமம் செதுக்குவேலைக்கு வேண்டியதைவிட மிகுதி. முன்னோரின் பெருமையைப் பேசுவதற்கும் முன்னோரின் அறிவைப் புரிந்துகொள்வதற்கும் வேறுபாடு உண்டு. வேலைக்கேற்ற பொருளைத் தேர்வதே அவர்களுடைய அறிவு.

கையில் அடங்கும் செதுக்குக் கத்திக்கு 0.6 முதல் 1 விழுக்காடு வரை கரிமம் உள்ள எளிய எஃகே போதும். ஆசாரியார் இரண்டு துண்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்று பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை: ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமம். முரட்டு வேலையைத் தாங்கும். உளிக்கும் அரிவாளுக்கும் ஏற்றது. மற்றொன்று பழைய அரம்: ஒரு விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் கரிமம் உள்ளது, நுண்ணிய கூர் பிடிக்கும், ஆனால் கவனமின்றித் தோய்ச்சல் போட்டால் கண்ணாடிபோல் உடையும். கண்ணிமை செதுக்கும் கத்திக்கு அரத்தையே தேர்ந்தார்.

எனினும், எஃகின் பெயர் பாதிதான், மறுபாதி நெருப்பு. அடித்து முடித்த அலகை, காந்தம் ஒட்டாத அளவுக்கு, ஏறத்தாழ 780 பாகை வரை செம்பழுப்பாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்போது அது மிகக் கடினமாகும், உடையவும் செய்யும். மீண்டும் 200 பாகைக்குச் சற்று மேல், தேய்த்த பரப்பில் வைக்கோல் நிறம் படரும் வரை மெதுவாகச் சூடேற்றினால் உறுதியும் கூர்மையும் சமன்படும். நீலம் பாரித்துவிட்டால் ஸ்பிரிங்குக்கு நன்று, செதுக்குக் கத்திக்கு மென்மை மிகுந்துவிட்டது என்று பொருள். ராக்வெல் அளவில் 58 முதல் 61 வரை என்று ஆய்வுக்கூடம் குறிப்பதை ஆசாரியார் நிறத்தால் குறிக்கிறார். பின் இரு பக்கமும் சேர்ந்து இருபது, இருபத்தைந்து பாகைக் கோணமாகச் சாணை பிடித்து, கடைசியில் தோல்வாரில் தீட்ட வேண்டும். துரு வராதிருக்க, வேலை முடிந்ததும் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவினால் போதும்.

தோய்ச்சல் போடும் வேளை வந்ததும் ஆசாரியார் எழுந்து பட்டறையின் தட்டிக் கதவைச் சாத்தினார். நண்பகலில் ஏன் இந்த இருட்டு என்று நாம் வியந்தோம்.

"வெளிச்சத்தில் நெருப்பின் நிறம் பொய் சொல்லும், ஐயா" என்றார்.

இலண்டனில் ஸ்டோடர்ட் 1795இல் இருட்டில் மட்டுமே தெரியும் செந்நிறத்தில் அந்தக் கட்டியை அடித்த செய்தி நம் நினைவுக்கு வந்தது. அந்தக் கத்தித் தொழிலாளியின் பெயரை இந்த ஆசாரியார் கேள்விப்பட்டதில்லை. இருவரையும் ஒரே இருட்டுக்குள் இட்டுச் சென்றது எஃகின் இயல்புதான்.

கத்தியின் விலையாக அவர் சொன்ன தொகை, அந்த வெளிநாட்டுக் கத்தியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இளைஞர் அதன் இரு மடங்கை எடுத்து நீட்டினார். ஆசாரியார் முதலில் மறுத்தார். "உங்களுக்குப்பின் இந்த உலையில் யார் இருப்பார்கள், ஐயா?" என்று இளைஞர் கேட்டார். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் சற்று நேரம் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வா, தம்பி. நிறம் பார்க்கக் கற்றுத் தருகிறேன்" என்றார்.

கஞ்சமலை அடிவாரத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து பெரிய அரசு எஃகாலை இயங்கிவருகிறது. அங்கிருந்து வருவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதுவும் நமக்கு வேண்டியதே. ஆனால் நம் தெருக்கோடியில் புகையும் சிறு உலையும் வேண்டும். நம் வீட்டு அரிவாள்மனையையோ மண்வெட்டியையோ தீட்ட வேண்டிய நாளில், புதிது வாங்கக் கடைக்குப் போகுமுன், அந்தப் பட்டறை வாயிலில் ஒருமுறை நின்று குரல் கொடுப்போம்.

நாம் திரும்பி வரும்போது சாலையோரம் ஆவாரை பூத்திருந்தது. இளைஞர் மிதிவண்டியை நிறுத்தி ஒரு குச்சியை முறித்தார். புதிய கத்தியால் அதனைச் சீவிப் பார்த்தார். சீவல் மெல்லியதாக, அறுபடாமல் சுருண்டு விழுந்தது.